துடைக்கத் துடைக்க

இரவு பதினொன்றரை இருக்கும். புறவழிச் சாலையில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது... ஓட்டியவர், என்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனின் மச்சான். பின்னால் மச்சானின் அக்கா. இங்கே எதையாவது கொறித்துக்கொண்டிருப்பவர்கள் இப்போதே கீழே வைத்துவிடுங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

மச்சானுக்கு எக்ஸ்ரே நிலையத்தில் வேலை. அக்காவுக்குப் போன வருடம் சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி. அறுத்து எடுத்தாயிற்று. ஆனால் அந்தச் சனியன் ரத்தத்தோடு கிளம்பி நெஞ்சுக்குப் போகும். உடம்பு ரத்தம் முழுக்க நுரையீரல் வழியாகத்தானே போயாக வேண்டும்? அங்கேயே குடியேறிவிடும். நெஞ்சுக்குப் பரவியிருக்கிறதா என்று மறுநாள் டாக்டர் படம் எடுத்துப் பார்ப்பதாக இருந்தது. மச்சானுக்கு அதுவரை பொறுக்கவில்லை. அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்தவள் அக்கா. நிலையத்தின் சாவியும் அவர் கையில் இருந்தது.

பூட்டைத் திறந்தார்கள். படம் பதியும் தட்டைப் பெட்டியான கேசட்டில் அக்கா நெஞ்சை அழுத்தி நின்றார். மச்சான் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், டிக்கென்று ஒரு சத்தம், விடச் சொன்னார். படம் திரைக்கு வந்தது.

நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டும். தெரிந்தது. அதற்குள் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள்... கோலி அளவில், எலுமிச்சை அளவில். இரண்டு பக்கமும்.

மச்சான் என்ன நினைத்தார் தெரியுமா? கேசட்டில் அழுக்கு என்று. உள்ளே தூசி படிந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும், அந்த வேலையில் அது சகஜம். தூசிக்கு இவ்வளவு பெரிய உருண்டை விழாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். மனசு கேட்கவில்லை. கேசட்டைத் திறந்து துணியால் துடைத்தார்.

துணி வழுக்கியது. பிசுக்... பிசுக்... சளி மாதிரி ஒன்று, மஞ்சளும் பழுப்புமாக, இழுத்துக்கொண்டே வந்தது. நூல் நூலாக ரத்தம் வேறு. கரண்ட் போன வீட்டில், ஃப்ரிட்ஜுக்குள் நாள்கணக்கில் கிடந்த கறியின் நாற்றம். விரலிடுக்கில் வெதுவெதுப்பாக ஒட்டியது.

அடுத்த படம் எடுத்தார். உருண்டைகளில் பாதியைக் காணோம்!

அவ்வளவுதான், மனிதர் ஓங்கரிப்பை விழுங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். துடைப்பார், படம் எடுப்பார்... மறுபடி துடைப்பார். நெஞ்சு லேசாகிறது என்று அக்காவும் எக்ஸ்ரே அறைக்கு உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம், இருதயத்தின் ஓரமாக ஒட்டிக்கொண்டு. அதை மட்டும் விடுவாரா? நகத்தால் சுரண்டி அழுத்தித் துடைத்தார். துணியில் கெட்டியாக ஏதோ வந்தது... ஒரு தரம் துடித்தது. பார்க்கச் சகிக்காமல் குப்பைக் கூடையில் வீசினார்.

"அக்கா, மூச்சை இழுத்துப் பிடி." டிக்.

திரையில் ஓர் உருண்டைகூட இல்லை. அக்கா பிழைத்துவிட்டாள் என்று கத்தப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். நடுவில் இருதயம் வெள்ளை நிழலாகத் தெரிய வேண்டும். அந்த இடமும் கறுப்பு.

எவ்வளவு நேரம் வெறித்துக்கொண்டு நின்றாரோ தெரியாது. மூச்சை விடச் சொல்லவே மறந்திருந்தார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது, காற்றே கலக்காமல்.

"தம்பி, விடலாமாடா?"

மச்சான் கதவுக்கு ஓடினார்.

"வேண்டாம்க்கா. பிடிச்சுக்கிட்டே இரு."

டாக்டரிடம் அவர்கள் போகவில்லை. அக்கா இப்போதும் இருக்கிறார். நடக்கிறார், துணி துவைக்கிறார். நெஞ்சு மட்டும் ஏறி இறங்குவதில்லை. வாயைத் திறந்தால் கெட்ட கறியின் நாற்றம்... சொந்தப் பிள்ளைகளே பக்கத்தில் படுப்பதில்லை. தினமும் தம்பிக்குப் போன் போட்டு, விடலாமா என்று கேட்பாராம். நேற்று கெஞ்சியிருக்கிறார், உள்ளே எல்லாம் அழுகுகிறது என்று.

"இன்னும் கொஞ்ச நேரம்க்கா" என்றாராம் மச்சான்.