ஒரு காருக்கு ரெண்டு வலதுபக்கம்

— இல்லீங்க பாய், நீங்க திருப்பிப் புடிச்சிருப்பீங்க. துணிப்பக்கம் உள்ளார, ரப்பர்பக்கம் வெளியில. இன்னொருக்கா வெச்சுப் பாருங்க.

— ஏனுங்க திருமூர்த்தித் தம்பி, உங்க மில்லுல நூலு அறுந்தா நான் வந்து முடிச்சுப் போடறனா? முப்பது வருசமா காருக்குக் குஷன் தைக்கறேன். எது துணி, எது ரப்பர்னு இந்த மஜீதுக்குத் தெரியாதுங்களா?

— கோவிச்சுக்காதீங்க. இந்தப் பழைய செவர்லே கார்ல, சக்கரத்துல இருந்து இஞ்சின் மேல சேறு தெறிக்காம மறைக்கற ஒரு முழத் துண்டு. அதுக்கு மூணு நாளாங்க?

— கேளுங்க. மூணு நாள்ல மூணு தடவ வெட்டிப்போட்டேன். பம்புசெட்டுக்குப் போடற, துணி வெச்ச ரப்பர்லயே நல்லதா வாங்கி வெட்டினேன். இடதுபக்கம் ஒரே தடவையில உக்காந்துருச்சு. வலதுபக்கந்தான் சண்டித்தனம் பண்ணுது.

— அதெப்படிங்க ஒரு பக்கம் உக்காந்து ஒரு பக்கம் உக்காராது?

— இடதுபக்கத்துக்கு, கார்லயே கிழிஞ்சு தொங்கிட்டிருந்ததை வெச்சு அளவெடுத்தேன். வலதுபக்கத்துக்கு நீங்கதான் ஊட்டுப் பரண்ல இருந்து பழசு ஒண்ணக் கொண்டாந்து, எங்கப்பா கையால கழட்டி வெச்சது, இதையே பார்த்து வெட்டுங்கன்னீங்க. அதுல, தகட்டோட சேத்துப் பின்னு அடிச்ச ஓட்டை ஒம்போது. கார்த் தகட்டுல ஏழு.

— பரண்ல இருந்தது இடதுபக்கத்துதோ என்னமோ?

— ஸ்டீயரிங் ராடு போறதுக்கு வெட்டு இருக்குது, பாருங்க. இடதுபக்கம் எந்த ஊர்லீங்க ஸ்டீயரிங் வெச்சாங்க?

— அமெரிக்காவுல.

— அப்ப உங்கப்பா சூலூர்ல இருந்து அமெரிக்காவுக்கு ஓட்டிட்டுப் போயிருக்கோணும்.

— சிரிக்கற நெலமையில நான் இல்லீங்க பாய். நாப்பது வருசம் பரண்ல கெடந்த ரப்பரு. சுருங்கியிருக்கும்.

— சுருங்குனா ஓட்டை கிட்டக்கிட்ட வரும். ஒம்போது ஏழாகுமுங்களா?

— இதென்ன கூத்துங்க. தலையே சுத்துது.

— எனக்குங் காலையில சுத்துச்சு. அதான் டார்ச்சு எடுத்துட்டுக் கீழ படுத்துப் பார்த்தேன். தம்பி, சித்த குனியுங்க. வலதுபக்கம், அடியில, தகட்டோட ஒட்டிட்டு விரலகலத்துக்கு ஒண்ணு தெரியுதா?

— சேறுங்க.

— நகத்துல சொரண்டிப் பாருங்க.

— ரப்பரு.

— அந்தப் பின்னு?

— துருப்புடிச்சு தகட்டோட தகடா ஆகிப்போச்சு.

— அது கம்பெனியில அடிச்ச பின்னு. ஒருத்தரும் கழட்டுனதில்ல. உங்க பரண் ரப்பர்லயும் கம்பெனிப் பின்னு அடிச்ச தடந்தான் இருக்குது. ஒரு காருக்குக் கம்பெனிக்காரன் ரெண்டு வலதுபக்கம் வெச்சுக் குடுப்பானுங்களா?

— அப்ப... அந்த ரப்பரு எங்கப்பாவோடது இல்லியா?

— ரப்பரு உங்க ஊட்டுப் பரண்ல கெடந்தது. காரைத்தான் வெளியில இருந்து வாங்கியாந்தீங்க.

— பாய், பேச்சைப் பார்த்துப் பேசுங்க.

— அதனாலதானுங்க காலையில இருந்து வாயைத் தொறக்காம ஓட்டை எண்ணிட்டிருந்தேன்.

— எங்கப்பா போன பொறவு அம்மா காரை ஒரு பாலக்காட்டுக்காரருக்குக் குடுத்துட்டாங்க. எனக்கு அப்ப அஞ்சு வயசு. பின்சீட்டுல நின்னுட்டு அவரு தோளைப் புடிச்சுட்டுப் போனது மட்டுந்தான் ஞாபகம். அவரு மொகங்கூடப் போட்டோவுல பார்த்ததுதான். பதினோரு வருசம் தேடுனனுங்க. கேரளாக்காரங்க நம்பர் மாத்திட்டாங்கன்னு புரோக்கர் சொன்னான்.

— நம்பரும் வேற. அப்புறம் எதை வெச்சு இதுதான்னீங்க?

— அம்மாதான். ஊட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துனேன். ஒரு சுத்துச் சுத்திப் பார்த்தாங்க. இதேதான் கண்ணுன்னாங்க. அதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?

— வயசானவங்க. செவர்லேன்னா எல்லாஞ் செவர்லேதான்.

— இன்னைக்கு அவங்களை இதுல உக்கார வெச்சு அவிநாசிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதாப் பேச்சு. பின்னால உங்க ஊட்டுல, உங்க சம்சாரம் மெஹராஜ் அக்காகூட டீ குடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. இப்பப் போய் இது உங்க புருசன் காரில்லீங்கன்னு நான் சொல்லோணுமா?

— நான் ஒண்ணுஞ் சொல்லச் சொல்லலீங்க.

— பரண் ரப்பரைச் சுருட்டி உள்ள போடுங்க. ஏழு ஓட்டைக்கே ஒண்ணு வெட்டி மாட்டுங்க. அம்மா காதுக்கு எதுவும் போகக்கூடாது.

— நீங்க தெரிஞ்சுட்டே ஓட்டுவீங்களா?

— ஓட்டுவேன். அவங்க சந்தோசமா உக்காந்தாப் போதும். எனக்குத்தான் இனி இது வேற யாரோட காரோ.

— சரிங்க தம்பி. பத்து நிமிசம் குடுங்க. இந்தச் சுத்தியல எடுங்க... அட, வாங்கம்மா. எப்ப வந்தீங்க? இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— ஒம்போதும் ஏழும்னு சத்தம் வந்துச்சே, அப்பவே வந்துட்டேன் பாய். மெஹராஜ் ரெண்டாவது டீ ஊத்தறதுக்குள்ள எந்திரிச்சு வந்துட்டேன்.

— அம்மா, அது வந்து, பாய்க்கு அளவு கொஞ்சம் தப்பிருச்சு. நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க.

— பாய் மேல பழியப் போடாத கண்ணு. அவரு அளவு சரிதான். இது உங்கப்பன் காரில்ல.

— என்னம்மா சொல்றீங்க?

— பாலக்காட்டுக்காரருன்னு ஒருத்தரும் இல்ல. அந்தக் காரைத் துடியலூர்ல ஒரு பழைய இரும்புக்காரனைக் கூட்டியாந்து, என் கண்ணு முன்னாடியே நாலா ஒடைக்கச் சொல்லிக் குடுத்துப்போட்டேன். பரண்ல ஒரு துண்டு தப்பிச்சுக் கெடந்தது எனக்கே தெரியாது.

— பதினோரு வருசம்மா. பாலக்காடு, திருச்சூருன்னு நாயா அலைஞ்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?

— சொன்னா ஏன் ஒடைச்சேன்னு கேப்ப.

— இப்பக் கேக்கறனே. ஏம்மா?

— உனக்குச் சொன்னாப்ல உங்கப்பன் உசுரு ஆஸ்பத்திரியில போகல சாமி. நெஞ்சுவலின்னு அவரே ஓட்டிட்டு வந்தாரு, பக்கத்துல நான். ரயில்வே கேட் சாத்தியிருந்துச்சு. கேட் தொறக்கறதுக்குள்ள எம்மடியில சாஞ்சுட்டாரு. பின்சீட்டுல நீ தூங்கிட்டிருந்த.

— அப்புறம் எதுக்கும்மா இதைப் பார்த்ததும் இதேதான்னு சொன்னீங்க?

— நீ தேடறதை நிறுத்தோணும்னுதான். கதவைத் தொற கண்ணு, நேரமாகுது. இது அந்தக் கார் இல்லைன்னு தெரிஞ்சதாலதான் ஏறி உக்காரவே வந்திருக்கேன்.