அண்ணனை நிற்கவைத்தது குறித்து ரெல்யா ஸ்டானுலோவ் கூறியது

பெயர் ரெல்யா ஸ்டானுலோவ். தந்தை மறைந்த மிலோராத். வயது 27. தொழில் குளிர்சாதன மெக்கானிக். செர்பியா, கிகிண்டா நகரம், ரயில்வே தெரு 41-ஆம் எண் வீட்டில் தாய் தெசான்காவுடனும் அண்ணன் டிஹோமிருடனும் குடியிருக்கிறேன். 2025 நவம்பர் 10, திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு இன்ஸ்பெக்டர் முன்பாக இதைச் சொல்கிறேன். வக்கீல் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். யாரும் மிரட்டவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க விடுவார்கள், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு எந்த வற்புறுத்தலும் இல்லை.

என் அண்ணன் டிஹோமிருக்கு வயது 34. மூன்று வருடங்களுக்கு முன் தானியக் கிடங்கின் இரும்பு ஏணியிலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டு மார்பு உயரத்தில் நொறுங்கி, அதற்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போய்விட்டன. கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. ஆனால் கால்கள் தாமாகத் துள்ளும். அசைக்க முடியாத கால் எப்படித் துள்ளும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மூளையிலிருந்து வரும் கம்பி அறுந்துவிட்டது, தசை அறுந்துவிடவில்லை, கேட்பாரில்லாமல் அது தன் போக்கில் வெட்டி இழுக்கிறது என்று விளக்கினேன். அந்தத் துள்ளல் இரண்டு முறை அவனைச் சக்கர நாற்காலியிலிருந்து தரையில் எறிந்திருக்கிறது. தூங்கும்போது முழங்கால் மடங்கி இன்னொரு காலில் உரசி உரசித் தோல் கிழிந்து, அந்தப் புண் ஆற ஐந்து மாதம் ஆனது.

டாக்டர்கள் கொடுத்த மாத்திரையின் அளவைக் கூட்டக் கூட்டத் துள்ளல் குறையவில்லை, அண்ணன்தான் குறைந்தான். சாப்பிடும்போதே தூங்கி சூப் தட்டில் முகம் விழும். கஞ்சாவிலிருந்து எடுக்கும் மருந்து வேறு நாடுகளில் இதற்குத் தருகிறார்களே என்று நான் நான்கு மனு எழுதினேன். மூன்றுக்குப் பதில் இல்லை. நான்காவதற்கு, இங்கே அதற்கு வழியில்லை, மனுதாரர் தன் மருத்துவரை அணுகவும் என்று வந்தது. மருத்துவரை அணுகினேன். அவர் மேலே மனுப் போடச் சொன்னார்.

அதன்பின் நான் யாரையும் கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப் பரணில் கிடந்த பழைய கடைக் குளிர்பெட்டி ஒன்றில் விளக்கும் மின்விசிறியும் டைமரும் பொருத்தி இரண்டு கஞ்சாச் செடிகளை வளர்த்தேன். விதை எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் சொல்ல மாட்டேன். எண்ணெயை நானே எடுத்தேன். நாக்கின் கீழே மூன்று சொட்டு, காலையும் மாலையும். ஒரு நோட்டில் தேதி போட்டு ஒவ்வொரு மணிக்கும் துள்ளலை எண்ணினேன். முதல் வாரம் மணிக்கு முப்பத்தெட்டு, ஐந்தாவது வாரம் நான்கு. யாருக்கும் விற்கவில்லை, நானும் தொடவில்லை. நோட்டைப் பார்த்தால் தெரியும், அதில் நோயாளி ஒருவன்தான்.

நவம்பர் 8, சனிக்கிழமை, எங்கள் குலப் புனிதர் திமித்ரியேயின் நாள். அன்று வீட்டுத் தலைவன் உட்காரக்கூடாது. கடைசி விருந்தாளி எழுந்து போகும்வரை நின்றபடியே ஊற்றித்தர வேண்டும். அப்பா இறந்தபின் தலைவன் அண்ணன்தான். ஆனால் போன இரண்டு வருடமும் நான் நின்றேன், அவன் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். இந்த வருடம் போன மாதமே சொல்லிவிட்டான்.

“டேய், இந்தத் தடவை நான்தான் நிப்பேன். கால் துள்ளாம பாத்துக்கிறது ஒன் வேலை.”

முடமானவர்களை நிறுத்திப் பட்டையால் கட்டிவைக்கும் ஸ்டாண்டு ஒன்று வீட்டில் இருந்தது. துள்ளல் காரணமாக அதுவரை பத்து நிமிடத்துக்குமேல் அதில் அவன் நின்றதில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று சொட்டுக்குப் பதில் ஏழு சொட்டு கொடுத்தேன். பத்து மணிக்கு அப்பாவின் கோட்டைப் போட்டு ஸ்டாண்டில் ஏற்றி மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பட்டை கட்டினேன். கால்சட்டை தடிப்பாக இருந்ததால் இடது முழங்கால் பட்டையை வழக்கத்தைவிட இரண்டு துளை கூடுதலாக இறுக்கினேன். அவனுக்குச் சிறுநீர் தானாக வெளியேறாது. குழாய் ஒன்று தொடையின் உட்புறமாக இறங்கி, கெண்டைக்காலில் கட்டிய பைக்குப் போகிறது. அந்தக் குழாய் இடது காலில்தான் போகிறது. எனக்கு அது தெரியும். மூன்று வருடமாக அதை மாற்றுகிறவன் நான்.

பாதிரியார் வந்து ஜெபித்தபின் அண்ணன் அவருடன் சேர்ந்து பண்டிகை ரொட்டியைச் சுழற்றி வெட்டினான். அம்மா அடுப்பங்கரைக்குப் போய் அழுதுவிட்டு வந்தார். அதன்பின் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு லூபிஷா மாமாவும் வந்தார். இதே போலீஸ் நிலையத்தில் வேலை பார்க்கும் அதே லூபிஷாதான்.

“பாருங்கப்பா, மூணு வருஷம் உக்காந்து ரெஸ்ட் எடுத்தவன் இன்னிக்கு நம்மளவிட நிமிந்து நிக்கிறான்!” என்றார்.

“நீங்க டூட்டியில எடுக்கிற ரெஸ்ட்டுக்கு முன்னாடி இதெல்லாம் என்ன மாமா? கிளாஸை நீட்டுங்க” என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்றரை மணிவாக்கில் அவன் முகம் சிவந்து நெற்றி வியர்த்திருந்ததைப் பார்த்தேன். “ரக்கியா வேலையைக் காட்டுது” என்றார் லூபிஷா மாமா. பழச் சாராயம் இரண்டு கிளாஸ் குடித்திருந்தான், உண்மைதான். “தலை லேசா வலிக்குது, ஒண்ணுமில்ல, போடா” என்றான். நான் குனிந்து கால்களைப் பார்த்தேன். துள்ளவில்லை. திருப்தியாக நிலவறைக்கு ஒயின் எடுக்கப் போனேன்.

இதை அப்படியே எழுதச் சொன்னேன். இதற்கு முன் இரண்டு முறை அவன் குழாய் மடங்கி அடைத்திருக்கிறது. இரண்டு முறையும் முதலில் கால்கள் கண்டபடி துள்ளின, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். சிறுநீர்ப்பை நிறைந்தாலும் அவனுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். நிறைந்தது வெளியேறாவிட்டால் முதுகுத்தண்டு அவ்வளவு உயரத்தில் உடைந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகும். அது நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. நான் கோளாறு என்று நினைத்து நிறுத்தியதுதான் அந்த உடம்பில் மிச்சமிருந்த ஒரே அபாய மணி.

இரண்டு பத்துக்கு அம்மாவின் அலறல் கேட்டு மேலே ஓடிவந்தேன். மயக்கம் என்று நினைத்துப் பட்டைகளை அவிழ்த்து அவனைச் சோபாவில் நீட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். அந்த நிலையில் படுக்கவைத்தால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறும்.

“படுக்க வைக்காதீங்க! தூக்கி உக்கார வைங்க! தூக்குங்க, அறிவில்லையா ஒங்களுக்கு?” என்று கத்தினேன். பெரியவர்களை அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பின் கால்சட்டையைக் கத்தரித்தேன். முழங்காலில் குழாய் தட்டையாக மடங்கி ஒட்டிக் கிடந்தது, பை ஏறக்குறைய காலி. நிமிர்த்திவிட்டதும் சில நிமிடங்களில் பை விளிம்புவரை நிறைந்தது. அப்போது அழுத்தம் அளந்தேன், 240-க்கு 130. அவன் வாய் வலது பக்கம் தொங்கத் தொடங்கியிருந்தது. குழறிக்கொண்டே, “யாருக்காவது கிளாஸ் காலியா இருக்காடா?” என்றான்.

ஆம்புலன்ஸ் இரண்டு முப்பத்தைந்துக்கு வந்தது. வந்த டாக்டர் ஒரு பெண். ஊசியை எடுத்துக்கொண்டே, என்னென்ன மருந்து எடுக்கிறார், ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்.

அம்மா என் முழங்கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, “மாத்திரை மட்டுந்தான் டாக்டரம்மா” என்றார்.

“இல்ல. எண்ணெய் ஒண்ணு குடுக்கிறேன்” என்றேன்.

லூபிஷா மாமா கதவருகே கைத்துண்டோடு நின்றிருந்தார். “ரெல்யா, யோசிச்சுப் பேசு. நான் இங்கதான் நிக்கிறேன்” என்றார்.

“தெரியுது மாமா. கஞ்சா எண்ணெய், ஏழு சொட்டு, காலைல ஒம்பது மணிக்கு. நானே வளத்தது, நானே எடுத்தது. எழுதிக்குங்க டாக்டர்.”

டாக்டர் எழுதிக்கொண்டார். பரணுக்குப் போய் பாட்டிலையும் நோட்டையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். லூபிஷா மாமா அன்று மாலையே அறிக்கை கொடுத்தார். அது அவர் வேலை, அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

அண்ணனுக்கு மூளையின் இடது பக்கம் ரத்தக்கசிவு. வலது கை அசையவில்லை. அவனிடம் மிச்சமிருந்ததே இரண்டு கைதான். எண்ணெய் நின்றுபோனதால் நேற்று முதல் கால்கள் மறுபடி துள்ளுகின்றன, கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருக்கிறார்கள். குதிகால் தோல் ஏற்கெனவே உரிந்துவிட்டது. கீழே பஞ்சு வைக்கச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சினேன். நான் கெஞ்சிப் பழக்கமில்லாதவன்.

செடி வளர்த்ததும் எண்ணெய் எடுத்ததும் எந்தப் பிரிவில் குற்றம் என்று இன்ஸ்பெக்டர் படித்துக்காட்டினார். ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் பட்டையை இறுக்கியது எந்தப் பிரிவில் வரும் என்று கேட்டேன். எதிலும் வராது, அதை எழுதத் தேவையில்லை என்றார். எழுதச் சொன்னேன்.

மேலே உள்ளதைப் படித்துக்காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு வரி தவிர. “இனிமேல் இக்காரியத்தைச் செய்ய மாட்டேன் என உறுதி கூறுகிறேன்” என்று இந்த இடத்தில் எழுதியிருந்தது. வழக்கமாக எல்லோருக்கும் எழுதுவது என்றார் இன்ஸ்பெக்டர், அது இருந்தால் கோர்ட்டில் எனக்கு நல்லது என்றும் சொன்னார். நான் அதைச் சொல்லவில்லை. அண்ணன் உயிரோடு வீட்டுக்கு வந்தால் அந்தக் கால்களும் கூடவே வரும். அந்த வரியை என் கையால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ரெல்யா ஸ்டானுலோவ்
காலை 11.50