கல்யாணத்துக்குள் கால் மூட்டை

எங்கள் பக்கம் ஒருவருடைய எடையை யூரியா மூட்டைக் கணக்கில்தான் சொல்வோம், ஐயா; மூட்டைக்கு நாற்பத்தைந்து கிலோ. கரிக்கலாம்பாக்கத்தில் ஆள் ஏறி நிற்கிற தராசு என் உரக்கடையில்தான் இருக்கிறது. நான் ஏறினால் இரண்டு மூட்டைக்கு மேல் காட்டும். இளைக்கிற மாத்திரை விற்க என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடையாது. ஆனாலும் விற்றேன். சிரிக்கச் சிரிக்கப் பேசுவேன் என்பதால் பெண்கள் வாங்கினார்கள். நான் ஒன்றுகூடப் போட்டுக்கொண்டதில்லை.

செல்வகுமாரி பக்கத்துத் தெருப் பெண். தட்டு மாற்றிய அன்றே மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்புல கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் இவள் வந்து தராசில் ஏறினாள்.

"கல்யாணத்துக்குள்ள கால் மூட்டையாவது எறங்கணும்ண்ணே."

அந்த வாரம்தான் மாத்திரைக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. மாத்திரையில் தடை செய்த மருந்து கலந்திருக்கிறது, இதயத்துக்கு ஆகாது, விற்காதீர்கள், டப்பாக்களை அழித்ததற்கு அத்தாட்சியாக லேபிளைக் கிழித்துப் படம் அனுப்புங்கள் என்று. உடனே கிழித்து அனுப்பினேன். லேபிள் இல்லாத டப்பாவில் ஆபத்து எதுவும் எழுதியிருக்காது. அதைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். ஆசையாகக் கேட்கிற பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நன்றாகவே இறங்கினாள். ஒருநாள் தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னாண்ணே, நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது, கையெல்லாம் நடுங்குது" என்றாள்.

"கல்யாணப் பொண்ணுக்கு அடிச்சிக்காம எனக்கா அடிச்சிக்கும்? போடி, மாப்ளைக்குப் போன் போடு, சரியாப்பூடும்."

சிரித்தாள். இன்னொரு டப்பா கேட்டாள். கொடுத்தேன்.

பந்தக்கால் நட்ட அன்று மயங்கி விழுந்தாள். என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கையில் இறுக்கிப் பிடித்திருந்த டப்பாவை வழியிலேயே என் சட்டைப்பைக்கு மாற்றிவிட்டேன்.

டாக்டர் வெளியே வந்தார். "என்ன மருந்து சாப்பிட்டாங்க? தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ண முடியும்."

அவள் அம்மா மணியம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"மருந்தெல்லாம் இல்லீங்க டாக்டர். பட்டினி கெடந்துச்சி, அவ்ளோதான்" என்றேன்.

பொழுது சாய்வதற்குள் செல்வகுமாரியின் உயிர் போய்விட்டது. மாத்திரை தின்று இளைத்தவள் என்று சம்பந்தி வீட்டில் ஒருவர்கூடப் பேசவில்லை, ஐயா. அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற அங்கே என்னைத் தவிர யார் இருந்தார்கள்?