உரல் குழியில் நட்ட சைக்கிள் கவை

— இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் இழுங்க மாமா. பலகை கடல் பக்கமா சாயுது.

— இழுத்துட்டுத்தான் இருக்கேன். மோச்சிக் கொழுக்கட்டைக்குச் சோறு இடிக்கிற உரலை முத்தத்துக்கு உருட்டிட்டு வந்தாச்சு, அதோட குழியில சைக்கிள் கவையை நட்டாச்சு, அது மேல மீன் வெட்டுற பலகை. பக்கத்து வீட்டுக்காரன் பாத்தான்னா குரோகி வீட்டுக் கிழவனுக்குப் புத்தி பிசகிடுச்சும்பான்.

— சொல்லட்டும். என் புருஷன் செஞ்ச பைனாகுலர் தாங்கி இருந்திருந்தா இந்தக் கூத்து எதுக்கு? அதை வெட்டி வெந்நீர் அடுப்புல போட்டது யாரு?

— என் மகன் தெய்ஜி காரியம் முடிஞ்ச மறுநாளும் அது இங்கதான் நின்னுச்சு, ஹருயே. அவனே நிக்கிற மாதிரி. என்னால தாங்க முடியல. பேச்சை விடு. ஊறுகாய்க் கல்லு எங்க?

— முள்ளங்கி ஊறுற தொட்டி மேல பாரமா இருக்குமே, அதா?

— அதேதான். இந்த முனையில அதைக் கட்டுனாத்தான் அந்த முனையில பைனாகுலர் நிக்கும். போர்க்கப்பல்ல இதைப் புடிச்சு நின்னவன் நான். இதோட கனம் எனக்குத் தெரியும்.

— இந்தாங்க. நாத்தம் குடலைப் புடுங்குது.

— வானத்துக்கு மூக்கு கிடையாது. கட்டு.

— சீக்கிரம் மாமா. சூரியன் இறங்கியாச்சு. அந்த மங்கல் புள்ளியும் பின்னாடியே கடலுக்குள்ள போயிடும். நாளைக்குப் புயல்னு ரேடியோல சொல்றான்.

— நேத்து எங்க பாத்தே?

— அந்தப் பைன் மரத்துக்கு மேல, ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுல. நட்சத்திரப் படத்துல அந்த இடம் காலியா இருக்கு. இன்னைக்கும் அங்கயே இருந்தா அது நட்சத்திரங்களுக்கு நடுவுல நிக்கிற ஏதோ வாயு மேகம். நகந்திருந்தாத்தான் வால்நட்சத்திரம். அதைப் பாத்துட்டுத்தான் டோக்கியோ வானாய்வகத்துக்குச் சொல்லணும். நமக்கு முன்னாடி வேற எவனாவது சொல்லிட்டா போச்சு.

— சொன்னா, குரோகின்னு பேர் வைப்பாங்க. இல்ல?

— பாத்தவங்க குடும்பப் பேரை வைப்பாங்க. அதை அப்புறம் பேசலாம் மாமா.

— அப்புறம் என்ன? தெய்ஜியோட இந்த வீட்டுல பேர் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு. அவன் வருஷக்கணக்கா பனியில நின்னு தேடுனது இதைத்தானே? வானத்துலயாவது குரோகி இருக்கட்டும்.

— ஐயோ, இப்ப பாக்க விடுங்க... ஆடுது மாமா! ஒவ்வொரு நட்சத்திரமும் புழுவா நெளியுது.

— மூச்சை அடக்கு.

— நான் இல்ல, கவைதான் ஆடுது.

— குழியில எதையாவது திணிக்கணும். அவன் படத்துக்கு முன்னாடி கிடக்குற மெத்தையை எடுத்துட்டு வா.

— அதையா? பிக்கு வந்தா உக்கார்ற மெத்தை மாமா!

— பிக்கு தரையில உக்காரட்டும். கொண்டா. நல்லா அமுக்கு... இப்ப?

— நிக்குது. நின்னுடுச்சு! பைன் மரம் தெரியுது. அதுக்கு மேல... மாமா, கயிறு! கல்லு நழுவுது!

— புடி! பைனாகுலரைப் புடி!

— புடிச்சுட்டேன். பலகை ரெண்டாப் பொளந்துடுச்சு. கவையும் வளைஞ்சுடுச்சு. முடிஞ்சுது மாமா, எல்லாம் முடிஞ்சுது. அவர் ஆயுசு பூரா தேடுனது, ஒரு ஊறுகாய்க் கல்லுல போச்சு.

— ஒப்பாரி வெக்காதே. கடலைப் பாத்து மண்டி போடுறேன். என் முதுகுல வை.

— உங்க முதுகுலயா? கவர்னர் வந்தப்பகூட முதுகை வளைக்காமத் தலையை மட்டும்தானே ஆட்டுனீங்க?

— கவர்னர் என்ன, இந்தப் புள்ளி மாதிரி கடலுக்குள்ளயா இறங்கிட்டிருந்தாரு? வை!

— வெச்சுட்டேன். வலிக்குதா?

— என்னைப் பாக்காதே, அதைப் பாரு.

— கொஞ்சம் இடது பக்கம். போதும். இன்னும் குனியுங்க.

— இதுக்கு மேலயா?

— இன்னும்! ஆங். மூச்சு விடாதீங்க. ரெண்டு நட்சத்திரமும் இருக்கு. நடுவுல... நடுவுல ஒண்ணும் இல்ல.

— இல்லையா?

— இருங்க! கீழ் நட்சத்திரத்தை ஒட்டிக்கிட்டு இருக்கு. இறங்கி வந்திருக்கு மாமா. நகந்திருக்கு!

— கண்ணாடியில விழுற போலி வெளிச்சமா இருக்கப் போகுது. லேசா அசைச்சுப் பாரு.

— அசைச்சேன். நட்சத்திரங்களோட சேந்தேதான் அசையுது. நிஜம் மாமா, நிஜம்!

— அப்ப போய் போன் பண்ணு.

— நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க. எப்படியாவது புடிச்சுக்கிறேன். நீங்க பாத்ததாவே சொல்லிடலாம். குரோகின்னே சொல்லிடலாம்.

— என் கண்ணுல புரை விழுந்து எத்தனை காலமாச்சு? உன் மூஞ்சியே எனக்கு மங்கல் புள்ளிதான். பாக்காததைப் பாத்தேன்னு குரோகி வீட்டுல எவனும் சொன்னதில்ல. பாத்தவ பேரைச் சொல்லு.

— மாமா, என் பேரு... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு போன வாரத்துல இருந்தே...

— தனபேன்னு சொல்லு. நீ உன் அப்பா வீட்டுப் பேருக்கே திரும்பிட்டதை பேர் பதியுற ஆபீஸ்ல இருக்குற அந்த வாயாடி கிளார்க் அன்னைக்கே வந்து சொல்லிட்டான். தெரிஞ்சுதான் குனிஞ்சேன். இப்ப இந்தப் பாரத்தை எறக்கிட்டு ஓடு.