கம்ப்யூட்டர்ச் சூட்டில் காயும் பூண்டு

வட்டவடையிலிருந்து மூணாருக்குப் போகும் ஜீப். வெளியே விடாத மழை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"எங்க வீட்டுல விதைப்பூண்டு மருமக கம்ப்யூட்டர்ச் சூட்டுலதான் காயுது" என்றார் ஒருவர்.

மற்றவர் முழுசாகத் திரும்பினார். "அடுப்புக்கு மேல கட்டலயா?"

"கேஸ் அடுப்புல புகை ஏதுக்கா? விதை அழுகிருமேன்னு கம்ப்யூட்டர்ப் பெட்டியைச் சுத்திச் சரஞ்சரமா கட்டிட்டேன். தோலெல்லாம் பறந்து ஃபேனை அடைச்சு, அவ வீடியோ எடிட் பண்ணையில பெட்டி கொதிச்சு அணைஞ்சே போச்சு."

"ஐயோ, ஏசுனாளா?"

"இல்லக்கா. ஃபேனைத் தொடச்சா. செட்டிங்ல போயி கம்ப்யூட்டரோட வேகத்தைக் கொறச்சா. சூடு தணிஞ்சிருச்சு, கரண்டும் மிச்சமாம்."

"அப்ப பூண்டு?"

"அதான்க்கா! சூடா காத்து வெளிய வர்ற பின்பக்கமா அவளே மாத்திக் கட்டுனா. பகல்ல வேகத்தைக் கொறச்சு வேலை பாக்கா. சாயங்காலம் அன்னைக்கு எடிட் பண்ணுன வீடியோ மொத்தத்தையும் ராத்திரியெல்லாம் ஒரே ஃபைலா சேக்கச் சொல்லி ஓடவிட்டு, வேகத்தை முழுசா கூட்டிட்டு எந்திரிக்கா. 'அத்தே, இனி விடியிற வரைக்கும் பெட்டி உங்க பூண்டுக்கு'ங்கிறா."