பத்து நிமிஷம் கழித்து

தெருவில் ஒரே ஒரு டெலிபோன் இருக்கிற வீட்டில் மத்தியானத் தூக்கம் என்பது கிடையாது, சார். சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் மணி அடிக்கும். எடுத்தால் யாரோ ஒருவர் யாரையோ கூப்பிடச் சொல்வார். எழுந்து ஓட வேண்டும். என் வீட்டுக்காரர் கோதண்டராமன் லாரி புக்கிங் ஆபீஸுக்காக வாங்கிய போன் இது. ஆனால் இந்த ஒரகடத்தில் பாதிக் குடும்பங்களின் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் நம்பரைத்தான் அச்சடித்திருப்பார்கள். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சரோஜா அக்கா வீட்டுக்குச் சேதி வந்தால் அது சேர வேண்டிய ஆளுக்குச் சேர்ந்துவிடும் என்பார்கள்.

தாமஸும் இந்த நம்பரைத்தான் உங்கள் கப்பல் கம்பெனியில் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. தாய் தகப்பன் இல்லாதவர். கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் வேலை கிடைத்த மறு வருஷம் பெனிட்டாவைக் கட்டினார். கட்டி ஏழு மாதத்தில் இந்தப் பெரிய பயணம் வந்தது. ஜனவரியில் இங்கிலாந்தில் கிளம்பி ஐந்து மாதம், உலகத்தையே ஒரு சுற்று. வளைகுடாவில் சண்டை நடந்ததால் சூயஸ் வழியாகப் போகவில்லை, ஆப்பிரிக்காவின் அடிமுனையைச் சுற்றிப் போனார்கள். அதனால் எனக்கு ஒரு ஊர் கூடுதலாகக் கிடைத்தது. கேப் டவுன்.

அவர் போன் பண்ணுகிற முறையைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு அது முக்கியம். கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றதும் இறங்கி, டெலிபோன் ஆபீஸ் தேடிப் போவார். முதல் போன் கால் எனக்கு. "அக்கா, சாப்ட்டீங்களா? பெனிட்டாவ கொஞ்சம் கூப்டுங்கக்கா. பத்து நிமிஷம் கழிச்சிப் பண்றேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். நான் போய் அவளைக் கூட்டிவருவேன். இரண்டாவது கால் அவளுக்கு.

முதல் கால் அரை நிமிஷம்கூட இருக்காது. ஆனால் அந்த அரை நிமிஷத்தில் அவர் ஒருமுறைகூட "சாப்ட்டீங்களா" என்று கேட்காமல் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். சாவி, சாதம், லைட்டு, கதவு. நான் சாப்பிட்டேனா என்று கேட்க அவருக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் ஆசையாக இருந்தது. நானும் ஒன்றிரண்டு கேட்பேன். "இன்னா தம்பி, கப்பல் எப்டி கீது?" என்றால் சிரிப்பார். "தண்ணி மேல ஒரு ஊரு போவுதுக்கா. தெரு தெருவா ரூம்பு. எல்லாம் கெழவன் கெழவிங்க, காசு வச்சிக்கினு இன்னா பண்றதுன்னு தெரியாம சுத்துதுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி படுக்க விரிக்கணும். தலகாணி மேல ஒரு சாக்லேட்டு வைக்கணும்." நடுக்கடலில் நீச்சல் குளம் இருக்கிறது என்று அவர் சொன்ன அன்று நான் மூன்று குடம் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கென்று ஒருவர் அந்தக் குளத்தைப் பார்த்து வந்து சொல்கிற மாதிரி.

பெனிட்டா நல்ல பெண். வாயாடி. "உங்க வூட்டு மணி அடிச்சா எங்க வூட்டுக் கோழிகூட எயுந்து ஓடியாருதுக்கா" என்பாள். ஆனால் ரிசீவரைக் கையில் எடுத்தால் ஊமையாகிவிடுவாள். நான் சமையலறையில் இருந்தாலும் காதில் விழும். "ம்" என்பாள். "இல்ல" என்பாள். அப்புறம் அழுவாள். அவர் எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை பேருக்குப் பின்னால் வரிசையில் நின்று கூப்பிட்டிருப்பார். இவள் "ம்" என்று சொல்லி அந்த நேரத்தைத் தீர்ப்பாள். எனக்கு மனசு பொறுக்காது. சோற்றைத் தரையில் கொட்டுவதைப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

சிட்னியிலிருந்து வந்தபோதுதான் முதல் தடவையாக அவளைக் கூப்பிடாமல் இருந்தேன். இரண்டாவது கால் வந்ததும், "குளிக்கப் போயிருக்கா தம்பி, வந்துடுவா" என்றேன். அவர் வைக்கவில்லை. அவள் வருவதற்காகக் காத்திருந்தார், காத்திருக்கும்போது என்னோடு பேசினார். நாலு நிமிஷம். பாலம் எப்படி இருக்கிறது, கடற்கரையில் ஜனங்கள் எப்படிப் படுத்துக் கிடக்கிறார்கள், எல்லாம் சொன்னார். அடுத்த முறை அவளோடு பேசிக்கொள்வதாகச் சொல்லி வைத்தார். யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. அன்று சாயங்காலம் அவளுக்குக் கொஞ்சம் பணியாரம் கொடுத்தனுப்பினேன்.

ஈஸ்டர் அன்று ஹொனலூலுவிலிருந்து பேசினார். அவள் நிஜமாகவே பூசைக்குப் போயிருந்தாள். "அக்கா, ஒரு விசயம், அவகிட்ட சொல்லிடாதீங்க. நானே சொல்லணும்" என்றார். அடுத்த வருஷப் பயணத்தில் சிங்கப்பூரிலிருந்து பெனிட்டாவையும் கப்பலில் கூட்டிப்போக மேலாளர் ஒத்துக்கொண்டாராம். கப்பல் லாண்டிரியில் ஒரு வேலையும் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். இனிமேல் பயணம் முழுக்க இரண்டு பேரும் சேர்ந்தே. "அப்பறம் உங்களுக்குத் தொல்ல இல்லக்கா. இந்த ஓட்டமெல்லாம் இருக்காது" என்றார்.

அவர் அதை எனக்கு நல்லது என்று நினைத்துச் சொன்னார். நானும் "ரொம்ப சந்தோஷம்" என்றேன். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் போகாத ஒருத்தி, போனில் "ம்" என்பதற்கு மேல் பேசத் தெரியாதவள், அவள் போய் அந்தக் குளத்தைப் பார்ப்பாள். நான் இங்கே லாரிக்காரர்களுக்கு நம்பர் எழுதிக்கொண்டு இருப்பேன். நீங்கள் நிதானமான மனிதர். நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன். மே மாதம் இருபத்திரண்டு, புதன்கிழமை.

முந்தின நாள் பெனிட்டா ஸ்ரீபெரும்புதூரில் அவள் அம்மா சூசையம்மாள் வீட்டுக்குப் போயிருந்தாள். "அவ்ளோ பெரிய ஆளு நம்ம ஊருக்கு வராரு, போய்ப் பாத்துட்டு வந்துடறேங்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். நான் சொல்லத் தேவையில்லை. காலையில் பஸ் இல்லை, கடை இல்லை. என் வீட்டுக்காரர் லாரிகள் என்ன ஆயின என்று பார்க்க சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போய்விட்டார். போன் உயிரோடு இருந்ததே அதிசயம்.

ஏழு மணிக்கு முதல் கால் வந்தது. ரியோவிலிருந்து. அங்கே இன்னும் செவ்வாய்க்கிழமைதான். அன்று மட்டும் அவர் சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

"அக்கா, டிவில நம்ம ஊரு பேரு காட்றான். குண்டு வெடிச்சிச்சாமே. பெனிட்டா எங்க?"

"அவங்க அம்மா வூட்டுக்குப் போனா தம்பி. கூட்டம் பாக்கறேன்னு சொன்னா. இன்னும் வரல."

இது அத்தனையும் உண்மை. இதில் ஒரு எழுத்தைக்கூட நீங்கள் தப்பு சொல்ல முடியாது.

"யாரையாவது விசாரிங்கக்கா. பத்து நிமிஷம் கழிச்சிப் பண்றேன். கப்பல் கிளம்பப் போவுது, அப்பறம் ஒம்பது நாளு கரையே கெடையாது" என்றார்.

நான் வாசலுக்கு வந்தேன். அப்போது பெனிட்டா தெருமுனையில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். நெரிசலில் செருப்பு போய்விட்டதாம். வெறுங்காலோடு, விடியுமுன் கிளம்பி, பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தே வந்திருந்தாள். தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா போவாதன்னுதான் சொல்லிச்சி. அவரு எங்கனா கேட்டுப் பதறிக்கினு இருப்பாருன்னு வந்துட்டேங்கா. போன் வந்துச்சா?"

"இல்லடி. மொதல்ல போய் காலக் கழுவு. ரத்தம் வருது பாரு" என்றேன்.

அவள் பின்பக்கம் குழாயடிக்குப் போனாள். மணி அடித்தது.

இந்த இடத்தில் நான் கோபத்தில் இருந்ததாகவோ, புத்தி பேதலித்திருந்ததாகவோ எழுதிவிடாதீர்கள். மிகவும் தெளிவாக இருந்தேன். பின்கதவு திறந்திருந்தது. அவள் குனிந்து காலைத் தேய்ப்பது தெரிந்தது.

"வந்துட்டாளாக்கா?" என்றார்.

"இனிமே வரமாட்டா தம்பி. மனச தேத்திக்கோங்க" என்றேன்.

கடல் கடந்து வரும் காலில் ஒரு இரைச்சல் இருக்கும், அதுதான் கேட்டது. பிறகு, "நீங்க பாத்தீங்களாக்கா?" என்று கேட்டார்.

"பாத்தேன்" என்றேன்.

அவள் ஈரக்காலோடு ஓடிவருவதற்குள் நான் ரிசீவரை வைத்துவிட்டேன். "அவருதான். நீ நல்லா கீறேன்னு சொல்லிட்டேன். லைன் அறுந்துபோச்சு, கப்பல் கெளம்புதாம்" என்றேன். அவள் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இல்லன்னா அவரு தவிச்சிப் போயிருப்பாருக்கா" என்றாள். நான் அவளுக்குச் சுடச்சுடக் காபி போட்டுக் கொடுத்தேன்.

என்ன நினைத்துச் செய்தேன் என்று கேட்கிறீர்கள். நான் கெடுதல் நினைக்கவில்லை. ஒன்பது நாள் கழித்துக் கப்பல் கரைக்கு வரும். அவர் போன் பண்ணுவார். அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? என்னிடம்தான் அழுவார். நான் ஆறுதல் சொல்வேன். அன்றைக்கு "பெனிட்டாவைக் கூப்டுங்க" என்று சொல்ல முடியாது, பத்து நிமிஷம் கழித்து இரண்டாவது கால் என்று ஒன்று இருக்காது. முழு நேரமும் எனக்குத்தான். ஒன்றிரண்டு ஊர் கழித்து, தப்பான தகவல் தம்பி, அவள் பிழைத்துவிட்டாள் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். அந்தச் சந்தோஷத்தையும் நான்தானே கொடுத்திருப்பேன்.

பத்தாம் நாள் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி அடித்தது. உங்கள் மெட்ராஸ் ஆபீஸ். கிளம்பிய மூன்றாம் நாள் விடியற்காலையில் அவரை மேல்தளத்தில் பார்த்ததாகவும், அதற்குப் பிறகு காணவில்லை என்றும் சொன்னார்கள். வழக்கம்போல நான்தான் நாலாவது வீட்டுக்குப் போய்ச் சேதி சொன்னேன்.

மூன்று மாதமாக அவள் என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். "நான் உயிரோட கீறேன்னு தெரிஞ்சும் ஏங்கா இப்டிப் பண்ணாரு? என்னைப் புடிக்கலியா?" என்று தினமும் கேட்பாள். சாப்பிடு என்பேன். நான் யாரிடமும் எதையும் சொல்வதாக இருக்கவில்லை, சார்.

இன்று நீங்கள் வந்து, அவரோடு ஒரே அறையில் இருந்த மலையாளத்துப் பையனின் கடிதத்தைப் படித்துக் காட்டினீர்கள். ஊரில் குண்டு வெடிப்பில் மனைவி இறந்துவிட்டதாக தாமஸ் சொல்லி அழுதாராம். எங்கள் வீட்டிலிருந்து தகவல் வந்ததாம். நீங்கள் பெருந்தன்மையாக, "அன்னிக்கி இருந்த குழப்பத்துல யாரோ தப்பாச் சொல்லி நீங்களும் நம்பியிருப்பீங்க, உங்க மேல குத்தமில்லம்மா" என்றீர்கள். நான் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் நீங்கள் ஃபைலை மூடியிருப்பீர்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் மூடப்போகும்போது இன்னொன்றும் சொன்னீர்கள். "பொண்டாட்டி மேல உசுரையே வச்சிருந்த மனுசன். அவளுக்காகவே போயிட்டான். அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொன்னா அவளுக்கு ஒரு நிம்மதி" என்றீர்கள்.

அவள் வெளியே படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் போய்ச் சொல்வீர்கள். அவள் அழுவாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஊரெல்லாம் அதையே சொல்லும். சாகிற வரைக்கும் அந்தப் பெருமை அவளுக்கு இருக்கும். அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவள் சாகவில்லை. என் வீட்டுக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். செத்துவிட்டாள் என்ற சொல் என்னுடையது. தெரிந்தே சொன்னேன். அவர் கடைசியாகக் கேட்ட எங்கள் ஊர்க் குரலும் என்னுடையதுதான். அந்த ஐந்து மாதமும் அவர் எல்லாவற்றையும் அவளுக்காகவே செய்தார், சார். இந்த ஒன்றைத்தான் என் பேச்சைக் கேட்டுச் செய்தார். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.