மேல்வீட்டு அய்னோவுக்கு ஒரு சொல்

...இல்லைத் தம்பி, கண்ணாடி உடையேல்லை, அதை ஏன் பாக்கிறீங்கள்? இதுக்குள்ளை இருக்கிற மொழிபெயர்ப்புத்தான் பழுது. சாருஜன் தானே நீங்கள்? ஹனோவரிலை போன் திருத்திறதெண்டா உங்கடை கடைதான் எண்டு குமுதினி அக்கா சொன்னவ. பொறுங்கோ, முழுக்கச் சொல்லுறன்.

எங்களுக்கு மேல்வீட்டிலை அய்னோ எண்டு ஒரு பின்லாந்து மனிசி, மகனோடை வந்து நிக்கிறா. ஜெர்மனும் வராது, இங்கிலீசும் வராது. நான் வேலைக்குப் போனா என்ரை மிதுசாவை வச்சிருக்கிறது அவதான். ஞாயிறு மிதுசாவுக்குப் பிறந்தநாள், திங்கள் அய்னோ ஊருக்குப் போறா. அவ வராமல் கேக் வெட்டமாட்டாளாம் பிள்ளை! சரியெண்டு போனிலை இங்கிலீசிலை 'பார்ட்டி' எண்டு அடிச்சன், பின்னிஷிலை வந்ததை அப்பிடியே அனுப்பினன். பேந்து மகன் படியாலை இறங்கி வாறார்: "அம்மா எந்தக் கட்சியிலையும் சேரமாட்டாவாம்!" நான் வாய் திறக்கமுன்னம் லொறியை எடுத்துக்கொண்டு போட்டார், இனித் திங்கள்தான் வருவார். இவ கதவைத் திறக்கிறாவே இல்லை.

இது முதல்தரமோ? போன மாசம் பிள்ளையின்ரை சட்டை தேய்க்க, இதே போனிலை 'அயன்' எண்டு அடிச்சுக் கேட்டனான். மனிசி என்னை மேலையும் கீழையும் பாத்துப்போட்டு இரும்புச்சத்துக் குளிசை கொண்டுவந்து தந்தா. தந்ததை எறிய ஏலுமே? குடிச்சனான். சட்டை கசங்கினபடிதான், எனக்கு இப்ப தலைச்சுத்து இல்லை.

என்ன? எப்பிடி அடிக்கிறனானோ? ஒவ்வொரு சொல்லாத்தான்! வட்டக்கச்சிப் பள்ளிக்கூடத்திலை ரீச்சர் இடப்பக்கம் இங்கிலீசுச் சொல் எழுதுவா, வலப்பக்கம் தமிழ்க் கருத்து. ஒண்டுக்கு ஒண்டு. ரெண்டு கருத்துச் சொன்னா காதைத் திருகுவா...

முழு வசனமா அடிக்கோணுமோ? இந்தச் சின்ன விசயத்துக்கோ! எனக்குக் கனக்கக் கதைக்கிற பழக்கம் இல்லைத் தம்பி.

சரி, சரி, முகத்தைச் சுளிக்காதேங்கோ, அடிக்கிறன். "ஞாயிற்றுக்கிழமை மிதுசாவின்ரை பிறந்தநாள்... நீங்கள் வந்தாத்தான் கேக் வெட்டுவாள்." இங்கிலீசிலை இவ்வளவும் அடிக்க விரல் நோகுது. அனுப்பியாச்சு.

அய்யோ, உடனை பதில்! பொறுங்கோ, திருப்பிப் பாப்பம்... 'வாறன்'. வாறாவாம் தம்பி! பாத்தீங்களே, அந்த மனிசி எத்தினை சொல் போட்டிருக்கிறா? ஒண்டே ஒண்டு! ஒரு சொல் போதுமெண்டு நான் அப்பவே...

தம்பி?

சாருஜன் தம்பி?

லைற்றையும் நிப்பாட்டிப்போட்டே போட்டீங்கள்!